ஸ்லீவா, பைபாஸா? நெஞ்செரிச்சல் உள்ளவர் எதைத் தேர்வது

கேள்வி: எனக்கு வயது 43. செந்தூலில் இருக்கிறேன், அலுவலக வேலை. உயரம் 158 செ.மீ., எடை 104 கிலோ. ஆறு வருடமாக இனிப்புநீர் (சர்க்கரை நோய்). மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும் எடுக்கிறேன். கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 8.4. இரவில் படுத்தால் புளிப்பு தொண்டைவரை ஏறி வருகிறது. முழங்கால் வலிக்கு அடிக்கடி பொன்ஸ்தான் மாத்திரை போடுகிறேன். மாதவிலக்கில் இரத்தப்போக்கு அதிகம், இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொன்னார்கள். எல்லா டயட்டும் செய்து பார்த்தாயிற்று. குறையும், திரும்பி வந்துவிடும். கூட வேலை செய்யும் தோழி ஸ்லீவ் ஆபரேஷன் செய்து ஒரு வருடத்தில் 32 கிலோ குறைத்திருக்கிறார். நான் போய்ப் பார்த்த தனியார் டாக்டர் மினி பைபாஸ் செய்யலாம் என்றார். அண்ணி பல வருடங்களுக்கு முன் பேண்ட் போட்டு, எடை திரும்ப வந்து, அதைக் கழற்றியும் விட்டார். மாமியாரோ, “நல்ல வயித்த யாராச்சும் வெட்டுவாங்களா?” என்கிறார். எது கடைசிவரை நிற்கும்? வாரம் ஒரு ஊசி போட்டால் போதாதா? தைப்பூச விரதம் இருக்க முடியுமா? பெயர் வேண்டாம்.

பதில்:

சகோதரிக்கு வணக்கம். முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கத்தியைப் பிடிப்பவள் நான் இல்லை. ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் நோயாளிகளைப் பார்க்கும் உணவியல் ஆலோசகர். அறுவை மருத்துவர் பெரும்பாலும் முதல் ஒரு வருடம் பார்ப்பார். அதற்கப்புறம் வருடக்கணக்காக வந்து போகிறவர்களை நான் பார்க்கிறேன். அதனால் என் பதில் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கும்.

உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்னும் கணக்கு) 41-க்கு மேல் வருகிறது. 2022-இல் உடல்பருமன் அறுவை மருத்துவர்களின் சர்வதேச அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், ஆசியர்களுக்கு 27.5-இலிருந்தே அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசலாம் என்கிறது. நம்மவர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வதும், குறைந்த எடையிலேயே இனிப்புநீர் வருவதும் அதிகம் என்பதால் இந்தக் குறைந்த அளவு. ஆகவே உங்களுக்கு ஆபரேஷன் தேவையா என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள்: ஆறு வருட இனிப்புநீரும் 104 கிலோவும் சேர்ந்த உடம்பில் வயிறு மட்டும் எப்படி நல்ல வயிறாக இருக்கும்? அனுபவமுள்ள இடத்தில் செய்தால், இதில் உயிருக்கு வரும் ஆபத்து பித்தப்பையை எடுக்கும் ஆபரேஷன் அளவுதான். சும்மா விட்டுவிடுவதற்கும் ஒரு ஆபத்து உண்டு, அது மெதுவாக வருவதால் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அண்ணியின் பேண்ட் கதை இப்போது பழங்கதை. வயிற்றின் மேல்பகுதியில் வளையம் மாட்டி இறுக்குவது அது. நழுவும், சில சமயம் வயிற்றுச் சுவரை அரித்து உள்ளே போகும். திரும்பக் கழற்ற வேண்டி வந்தவர்கள் ஏராளம். இன்று அதைப் போடுகிறவர்கள் அரிது. வயிற்றுக்குள் பலூன் வைப்பதும் கொஞ்ச மாதங்களுக்குத்தான், எடுத்தபின் எடை திரும்பும். இரண்டையும் தள்ளிவையுங்கள்.

மிச்சம் இருப்பது மூன்று.

ஸ்லீவ் என்பது வயிற்றை நீளவாக்கில் ஸ்டேப்பிள் அடித்து, முக்கால் பங்கையோ அதற்குச் சற்று அதிகமாகவோ வெட்டி வெளியே எடுத்துவிடுவது. வாழைப்பழ வடிவில் ஒரு குழாய் மிஞ்சும். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரப்பது வெட்டியெடுக்கும் அந்தப் பகுதியில்தான். அதனால் கொஞ்ச காலத்துக்குப் பசியே தெரியாது. குடலைத் தொடுவதில்லை, சத்துக் குறைபாடு ஒப்பளவில் குறைவு, ஆபரேஷன் நேரமும் குறைவு. எடுத்த வயிற்றைத் திரும்ப வைக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பைபாஸ் என்றால் வழக்கமாக ரூ-என்-ஒய் முறை. வயிற்றின் மேல்முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பை செய்து, அதைக் கீழே இருக்கும் சிறுகுடலோடு இணைப்பார்கள். மீதி வயிறு உள்ளேயே இருக்கும், ஆனால் சாப்பாடு அதன் வழியே போகாது. இணைப்பு இரண்டு இடத்தில். மினி பைபாஸில் பை நீளமாக இருக்கும், இணைப்பு ஒன்றுதான். செய்வது எளிது, எடையும் நன்றாகவே குறையும். உங்கள் டாக்டர் அதைச் சொன்னதில் தவறில்லை. ஆனால் உங்கள் தொண்டைப் புளிப்பு அவரிடம் சொல்லப்பட்டதா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

‘எது கடைசிவரை நிற்கும்’ என்று கேட்டிருக்கிறீர்கள். தோழியின் 32 கிலோவை இங்கே கொண்டுவராதீர்கள். முதல் வருடத்தில் எந்த ஆபரேஷனும் அழகாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது பத்தாவது வருடத்தை. ஃபின்லாந்தில் 240 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஸ்லீவும் இன்னொரு பகுதிக்கு ரூ-என்-ஒய் பைபாஸும் செய்தார்கள். பத்து வருட முடிவு 2022-இல் வெளிவந்தது. ஒருவரிடம் கூடுதலாக இருந்த எடையில் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால், நடுவில் நிற்பவருக்கு ஸ்லீவில் சுமார் 44 விழுக்காடு, பைபாஸில் சுமார் 51 விழுக்காடு.

இதை உங்கள் உடம்பில் வைத்துப் பார்ப்போம். பிஎம்ஐ 25 என்றால் உங்கள் உயரத்துக்கு ஏறக்குறைய 62 கிலோ. ஆக உங்களிடம் கூடுதலாக இருப்பது 42 கிலோ. ஸ்லீவில் பத்து வருடம் கழித்து 18 கிலோ குறைவாக இருப்பீர்கள், பைபாஸில் 21. வித்தியாசம் மூன்று கிலோ! இந்த மூன்று கிலோவுக்காகவா இணையத்தில் இவ்வளவு சண்டை என்று எனக்குத் தோன்றும். இன்னொன்றையும் கவனியுங்கள். அதே ஆய்வில் இரண்டு பக்கமும், கிட்டத்தட்ட எதுவுமே குறையாமல் நின்றவரும் இருந்தார், கூடுதல் எடை முழுவதையும் இழந்தவரும் இருந்தார். ஒரே ஆபரேஷனுக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசம், இரண்டு ஆபரேஷனுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைவிடப் பல மடங்கு.

அதனால் கிலோவை வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் விஷயத்தில் முடிவைச் சொல்ல வேண்டியது அந்த இரவு நேரப் புளிப்பு.

ஸ்லீவுக்குப் பின் வயிறு ஒடுங்கிய குழாய் ஆகிவிடுகிறது. கீழ்வாசல் பழையபடி மூடித் திறக்கிறது. உள்ளே அழுத்தம் கூடினால் அமிலத்துக்குப் போக மேலே ஒரு வழிதான். நெஞ்செரிச்சல் இல்லாதவருக்கே புதிதாக வரலாம், இருப்பவருக்கு மோசமாகலாம். நான் சொன்ன ஃபின்லாந்து ஆய்வில் பத்தாம் வருடம் ஸ்கோப் (கேமரா உள்ள குழாய்) விட்டுப் பார்த்தபோது, உணவுக்குழாயில் புண் இருந்தது ஸ்லீவ் செய்தவர்களில் 31 விழுக்காட்டினருக்கு, பைபாஸ் செய்தவர்களில் 7 விழுக்காட்டினருக்கு. ஸ்லீவ் செய்து எடை நன்றாகக் குறைந்தும், எரிச்சல் தாங்காமல் மறுபடி மேசையில் படுத்து அதைப் பைபாஸாக மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. ஒரே வேலைக்கு இரண்டு தடவை மயக்க மருந்து எதற்கு?

ரூ-என்-ஒய் பைபாஸில் அந்தச் சின்னப் பையில் அமிலம் மிகக் குறைவாகச் சுரக்கும். பித்தநீரும் வெகுதூரம் கீழேதான் வந்து சேரும். எடைக் குறைப்பு, எரிச்சலுக்கு மருந்து, இரண்டும் ஒரே ஆபரேஷனில். மினி பைபாஸில் இணைப்பு ஒன்றே என்பதால் பித்தநீர் அந்த இணைப்பைத் தொட்டுக்கொண்டே கடந்து போகிறது. சிலருக்கு அது மேலே ஏறும். அமிலத்தைவிட அது மோசமான எரிச்சல், வழக்கமான மாத்திரைக்கும் அடங்காது. பிரான்சில் இந்த இரண்டு பைபாஸையும் ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஆய்வில், எடைக் குறைப்பில் மினி எந்த வகையிலும் பின்தங்கவில்லை. ஆனால் வயிற்றுப்போக்கும் சத்துக் குறைபாடும் மினியில் அதிகமாக இருந்தன. ஏற்கெனவே இரத்தம் குறைவாக உள்ள உங்களுக்கு இது பொருந்தவில்லை என்று நினைக்கிறேன்.

சர்க்கரைப் பக்கமும் பைபாஸ் சற்று மேல். இனிப்புநீர் வந்து பத்துப் பதினைந்து வருடம் ஆகி, இன்சுலின் போட்டுக்கொண்டிருப்பவரைவிட, ஆறு வருடமாக மாத்திரையில் மட்டும் இருக்கும் உங்களுக்கு மருந்தில்லாமல் சர்க்கரை கட்டுக்குள் வர வாய்ப்பு அதிகம். முற்றிலும் போய்விடும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். அடங்கியிருக்கும், எடை ஏறினால் திரும்பும். இன்னொரு முக்கியமான விஷயம்: ஆபரேஷன் முடிந்த சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கத் தொடங்கும். அப்போது பழைய அளவிலேயே கிளிக்லசைடு போட்டால் சர்க்கரை மிகவும் இறங்கி மயங்கி விழலாம். வீட்டுக்குப் போகுமுன் எந்த மாத்திரையை நிறுத்துவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, பைபாஸுக்கு எதிராக உங்களிடம் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. அவற்றை மறைத்து உங்களை ஒரு பக்கம் தள்ள விரும்பவில்லை.

ஒன்று, பொன்ஸ்தான். பைபாஸ் செய்த வயிற்றில் பையும் குடலும் சேரும் இடத்தில் புண் வரும் அபாயம் உண்டு. அதைக் கிளப்பிவிடுவதில் முதல் இரண்டு இடம் புகைபிடிப்பதற்கும், இந்த வகை வலி மாத்திரைகளுக்கும். பொன்ஸ்தான், வோல்டரென், புரூஃபென் எல்லாம் ஒரே குடும்பம். பைபாஸுக்குப் பின் இவற்றை வாழ்நாள் முழுக்க மறக்க வேண்டும். பாரசிட்டமால் போடலாம். பல்வலி என்று கிளினிக்குக்குப் போனாலும், ‘எனக்குப் பைபாஸ் ஆகியிருக்கிறது’ என்று நீங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும். நல்ல செய்தி, இருபது கிலோ குறைந்தால் முழங்காலே பாதி பேச்சைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் இன்றிலிருந்தே மூன்று மாதம் பொன்ஸ்தான் இல்லாமல் இருந்து பாருங்கள். முடியவே இல்லையென்றால் அதை அறுவை மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்போது ஸ்லீவ் திரும்பவும் பேச்சுக்கு வரும்.

இரண்டு, இரத்தச் சோகை. இரும்புச்சத்து உடம்பில் சேர்வது சிறுகுடலின் முதல் பகுதியில். பைபாஸில் உணவு அந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறது. மாதாமாதம் இரத்தம் அதிகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது இரும்பு உள்ளே போகும் வழியையும் அடைத்தால் என்ன ஆகும்? அதனால் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ஃபைப்ராய்டு (கருப்பைக் கட்டி) இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்கட்டும். ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்பு இருப்பு), பி12, வைட்டமின் டி மூன்றையும் பார்த்து, குறைவாக இருந்தால் முன்கூட்டியே நிரப்பிவிட வேண்டும். மாத்திரை போதாவிட்டால் இரும்பை ட்ரிப்பில் ஏற்றலாம். பின்னால் வாழ்நாள் முழுக்க மல்டிவைட்டமின், இரும்பு, கால்சியம் சிட்ரேட், பி12. இரும்பையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டுப் போட வேண்டும். இரும்பு மாத்திரையைத் தே ஓ-வோடு (பாலில்லாத தேநீர்) விழுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தேயிலை இரும்பைச் சேரவிடாது.

எனக்குப் பயம் எடை திரும்பி வருவதில்கூட இல்லை, இதில்தான். மூன்றாம் வருடம் உடம்பு லேசாகி, பேத்தி மாதிரி நடக்கத் தொடங்கியதும் மாத்திரை டப்பா அலமாரிக்குள் போய்விடும். வருடாந்தர இரத்தப் பரிசோதனை நின்றுவிடும். சோகை, எலும்புத் தேய்மானம், கை கால் மரத்துப்போவது எல்லாம் ஓசையில்லாமல் வரும். நேர்மையாக யோசியுங்கள்: இன்றைக்கு மெட்ஃபார்மினை ஒருநாள் விடாமல் போடுகிறீர்களா? இல்லையென்றால், எந்த ஆபரேஷன் என்பதைவிட அது பெரிய கேள்வி.

ஊசி பற்றி. வேலை செய்கிறது, பொய்யில்லை. இந்த வார ஊசிகளில், செமாகுளுட்டைடில் சராசரியாக உடல் எடையில் 15 விழுக்காடு, டிர்செபடைடின் உச்ச அளவில் 20 விழுக்காட்டை ஒட்டி, ஒன்றரை வருடத்துக்குள் குறைந்ததாக ஆய்வுகள் காட்டின. இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இறங்கும். செமாகுளுட்டைடை நிறுத்தியவர்களுக்கு இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பியது. மாதாமாதம் கைக்காசில் வாங்க வேண்டிய மருந்தை எத்தனை வருடம் வாங்குவீர்கள் என்று கணக்குப் போடுங்கள். பிஎம்ஐ 32, 33 என்று எழுதியிருந்தால் முதலில் ஊசியைத்தான் சொல்லியிருப்பேன். ஆபரேஷனுக்குப் பின் எடை ஏறத் தொடங்கினால் அதே ஊசி துணைக்கு வரும், ஆகவே அதை எதிரியாகப் பார்க்க வேண்டாம்.

சாப்பாடு என் துறை என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன். முதல் இரண்டு வாரம் திரவம், அப்புறம் மசித்தது, அப்புறம் மிருதுவானது. சாதாரணச் சாப்பாட்டுக்கு வர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம்தான் இறங்கும் என்னும்போது இது லேசான காரியம் இல்லை. வாழை இலைச் சோறு சாப்பிடப் போனால் சோற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு மீனையும் பருப்பையும் முதலில் எடுங்கள். நீங்கள் சைவம் இருக்கும் நாட்களில் தெம்பே, டோஃபு, முட்டை சேர்ப்பீர்கள் என்றால் முட்டை, கெட்டித் தயிர். ரசமும் சோறும் வயிற்றுக்கு இதமாக இறங்கும், ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, முடித்து அரை மணி கழித்துதான்.

தே தாரிக் (இனிப்பான பால் தேநீர்), மைலோ, சிராப், கல்யாண வீட்டுக் கேசரி: பைபாஸ் செய்தவருக்கு இவை சீக்கிரமே பாடம் எடுக்கும். சர்க்கரை நேராகக் குடலில் போய் விழுவதால் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு வரும், எங்காவது படுத்தால் போதும் என்றிருக்கும். ஸ்லீவில் இந்தத் தண்டனை குறைவு. அதனால்தான் ஸ்லீவ் செய்த சிலர் மூன்றாம் வருடம் தே தாரிக் வழியாகவே எடையைத் திரும்ப ஏற்றிக்கொள்கிறார்கள். அதுவும் குழாய் வழியே வழுக்கிக்கொண்டு போய்விடுமே! ‘ஒரு வாய்தானே, சாப்பிடும்மா’ என்று வற்புறுத்தும் சொந்தக்காரர்களுக்கு ஒரு பதிலை இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விரதம்: முதல் வருடம் வேண்டாம். சைவமாக இருப்பதில் தடையில்லை, ஒரு வேளை உணவு என்பதுதான் சிக்கல். புரதமும் தண்ணீரும் அந்த ஒரு வேளைக்குள் அடங்காது. பத்துமலைக்குப் போங்கள், படியேறுங்கள், போத்தலில் தண்ணீரைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம்வரை முடி கொட்டும். பெரும்பாலோருக்கு மீண்டும் வளரும். எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் சேரலாம், அதற்கு ஆறு மாதம் மாத்திரை தருவார்கள். ஒன்றரை வருடத்துக்குக் கர்ப்பம் தரிக்கக் கூடாது, பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரையை நம்பவும் கூடாது. விடாத வாந்தி இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். வைட்டமின் பி1 வேகமாகக் குறைந்து மூளையைத் தாக்கும். வருடங்கள் கழித்துத் திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி வந்தால், அவசரப் பிரிவில் முதல் வாக்கியமே பைபாஸ் பற்றியதாக இருக்கட்டும். குடல் உள்ளே சிக்கிக்கொள்வது பைபாஸ் செய்தவர்களுக்கு நடக்கக்கூடியது.

இனி செய்ய வேண்டியது. உங்கள் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) ரெஃபரல் கடிதம் கேளுங்கள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும், செராஸில் உள்ள துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனையிலும் இந்த ஆபரேஷன்கள் நடக்கின்றன. காத்திருக்க வேண்டும், ஆனால் செலவு தனியாரை விடக் குறைவு. தனியார் என்றால், உங்கள் மெடிக்கல் கார்டு எடைக்குறைப்பு ஆபரேஷனை ஏற்குமா என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். பல கார்டுகள் ஏற்பதில்லை. எங்கே செய்தாலும் ஆபரேஷனுக்கு முன் ஸ்கோப் கட்டாயம். உணவுக்குழாயில் புண், ஹையாட்டஸ் ஹெர்னியா (வயிற்றின் மேல்பகுதி நெஞ்சுப் பக்கம் ஏறியிருப்பது) இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வயிற்றில் புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமியையும் சோதிக்க வேண்டும். மலேசியாவில் இந்தியர்களிடம் அது அதிகம். பைபாஸுக்குப் பின் பழைய வயிற்றைச் சாதாரண ஸ்கோப்பால் எட்ட முடியாது என்பதால், கிருமி இருந்தால் முன்பே ஒழித்துவிட வேண்டும். குறட்டை இருக்கிறதா? இருந்தால் தூக்கப் பரிசோதனையும் செய்யுங்கள்.

ஸ்கோப்பில் உணவுக்குழாய் சுத்தமாக இருந்து, புளிப்பு ஏறுவதற்கு இராத்திரி பத்து மணிக்குச் சாப்பிடும் நாசி கண்டார் (கறிக்குழம்புச் சோறு)தான் காரணம் என்று தெரியவந்தால், நான் சொன்னதை அறுவை மருத்துவர் மாற்றிச் சொல்லலாம். அப்போது அவர் பேச்சைக் கேளுங்கள். புண் இருந்தால் ரூ-என்-ஒய் பைபாஸைத் தவிர வேறு எதற்கும் சம்மதிக்குமுன் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டுவிடுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில் பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள்: ‘ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு மாதம் ஆசைப்பட்டதைச் சாப்பிட்டுக்கொள்ளலாமா?’ கூடாது. நேர்மாறாக, கடைசி இரண்டு வாரம் கலோரி மிகக் குறைந்த உணவில் இருக்கச் சொல்வார்கள். கொழுப்பேறிய கல்லீரல் சுருங்கினால்தான் அதைத் தூக்கிவிட்டு அடியில் இருக்கும் வயிற்றை லாப்ரோஸ்கோப்பால் எட்ட முடியும். சுருங்காவிட்டால் மேசையில் படுக்க வைத்தபின்கூட ஆபரேஷனை நிறுத்திவிடுவது உண்டு. அந்த இரண்டு வாரமும் சர்க்கரை இறங்கும் என்பதால், கிளிக்லசைடு அளவை அப்போதே டாக்டரிடம் கேட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள்.